புறங்கை

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் கரண்ட்டு என்று கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டி, "கரண்ட்டு இருக்காரா?" என்று கேட்டான். நான் சரியாகக் காதில் வாங்காமல் சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கு, என்ன வேணும்?" என்றேன். அதைச் சொல்லிச் சொல்லியே பல வருஷம் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பேரே பிடிக்காது. மனுஷனுக்கு வைக்கிற பேரா அது?

அவர் எலக்ட்ரீஷியன். ஆள் குள்ளம், கொஞ்சம் தொப்பை, கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். கண்ணுக்கு வருவது ஸ்க்ரூ கீழே விழுந்து தேடும்போது மட்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கான்ட்ராக்டரிடம் ஒயர் சுருள் தூக்கப் போனவர். தூக்கிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே செய்தார். அவ்வளவுதான் படிப்பு. கட்டிடத்துக்குள் நுழைந்தால் சுவருக்குள் பைப் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லுவார். வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் முழிப்பார்.

அவரோடு நெட்டையன் என்று ஒருவன் வேலை பார்த்தான். ஏணி இல்லாமலே ஃபேன் மாட்டுவான் என்று கேலி பேசுவார்கள். எங்கள் வீட்டில் அவனுக்கு என்று ஒரு தட்டு உண்டு. ஒருநாள் ஒரு அச்சகத்தில் மெஷினை நிறுத்த முடியாது, ஆர்டர் இருக்கிறது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். நெட்டையன் ஏணியில் ஏறி மேலே இருந்த பெட்டியில் கை வைத்தான். அவனைக் கீழே இறக்கியது என் வீட்டுக்காரர்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார், குளித்தார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மறுநாள் அதே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். என்ன நடந்தது என்று கேட்டால், "அவன் நேரம்" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் பயம்தான். காலையில் அவர் கிளம்பும்போது ஆரம்பிக்கும். தெருவில் யாராவது வேகமாக நடந்து வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்களோ என்று வாசலுக்கு ஓடுவேன். அவர் பைக் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். மகள்கூடக் கேலி செய்வாள், "அம்மாவுக்கு சாயங்காலம்தான் உயிர் வருது" என்று.

அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கிற என் அண்ணன் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னான். அவன் வேலை பார்க்கிற கம்பெனிக்கு எலக்ட்ரீஷியன் வேண்டுமாம். சம்பளத்தைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டு போனான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. இன்னொரு விஷயம்தான் விழுந்தது. "இங்க லைனை ஆஃப் பண்ணாம ஏறுன்னு யாராவது சொன்னா, ஏறமாட்டேன்னு சொல்லிடலாம். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றான். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அவரிடம் சொன்னபோது, "இங்க எனக்கு என்ன குறை?" என்றார்.

"உசுரு" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

படிப்பு இல்லாத ஆளை எப்படி எடுப்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு வழி இருந்தது. கல்லூரியில் படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களை அந்த நாட்டு அதிகாரிகள் சோதித்துப் பார்த்து, தெரிந்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒயரிங் ஒரு பகுதி, மோட்டார் ஒரு பகுதி, பாதுகாப்பு ஒரு பகுதி, இப்படி. எல்லாவற்றிலும் தேறினால் சான்றிதழ். ஒன்றில் சறுக்கினாலும் அதை முடிக்கும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. அண்ணனின் கம்பெனியும் இடத்தைத் துண்டு போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்காது.

பழைய கான்ட்ராக்டர்களிடம் அலைந்து, இவர் வேலை பார்த்ததற்குக் கடிதம் வாங்கினோம். ஒருவர் இவர் யார் என்றே தெரியாது என்று சாதித்தார். பிறகு அவர் வீட்டு மோட்டார் ஓடாமல் போனதும் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்து, வேலை செய்கிறபோது எடுத்த வீடியோக்கள் வேண்டும் என்றார்கள். இவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

"நான் ஒயரிங் பண்ண கட்டிடம் எல்லாம் அங்கங்க நிக்குது. போய்ப் பாக்கச் சொல்லு. நான் என்ன சினிமாவா எடுக்கணும்?"

கூட வேலை செய்கிறவர்கள் எடுத்துக் கொடுத்த வீடியோவில் பாதி அவர்கள் கட்டைவிரல், மீதி இவர் முதுகு. சரி, நானே வருகிறேன் என்று கிளம்பினேன். இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததே கிடையாது. அவர் பை தெரியும், அழுக்குச் சட்டை தெரியும். வேலையைத் தெரியாது.

அது ஒரு மரச்சாமான் ஷோரூம். கீழே வியாபாரம் நடக்கிறது, மாடியில் இவர் வேலை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே ஒயரும் செம்புப் பட்டையுமாகத் தெரிந்தது. நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"கீழ ஏசி ஓடுறது கேக்கலயா? ஆஃப் பண்ணா மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்."

சொல்லிக்கொண்டே இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். வலது கை விரலை மடக்கி, புறங்கையால் ஒரு ஒயரின் முனையைத் தொட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்போமே, அப்படி. ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து ஒயருக்குப் போனார். தொட்டதும் கை வெடுக்கென்று உதறியது. "இதுல இருக்கு" என்றார், கொசு கடித்ததைச் சொல்வது மாதிரி.

நான் ஃபோனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளங்கை பட்டா கை மூடிக்கும். பிடிச்ச பிடியை விடாது. புறங்கை பட்டா தானா உதறிடும். இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது" என்று ஃபோனைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். வீடியோவில் பேச வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தோம். படம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன இது, பூகம்பமா?" என்றார்.

"என் கைங்க. நடுங்குச்சு" என்றேன். அதோடு விடவில்லை. அன்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஒரு டெஸ்டர் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன கேடு, பிள்ளை குட்டி இருக்கிற நினைப்பு இருக்கிறதா இல்லையா என்று கத்தினேன். எலக்ட்ரீஷியனிடம் டெஸ்டர் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பேனா மாதிரி இருக்கும், ஒயரில் வைத்தால் லைனில் கரண்ட் இருந்தால் உள்ளே சின்ன பல்பு எரியும். எங்கள் மகளுக்குக்கூடத் தெரியும்.

"டெஸ்டர் பொய் சொல்லும். தோல் சொல்லாது" என்றார்.

பாதுகாப்புப் பகுதிக்கு என்ன செய்து காட்ட வேண்டும் என்று அண்ணன் விளக்கி அனுப்பியிருந்தான். முதலில் அந்த இடத்துக்குப் போகிற சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும். வேறு யாரும் போட்டுவிடாமல் அதற்கு ஒரு பூட்டு. பிறகு டெஸ்டரை, லைன் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த வேறொரு இடத்தில் வைத்து எரிய வைக்க வேண்டும். அப்புறம்தான் வேலை செய்கிற இடத்தில் வைக்க வேண்டும். எரியாவிட்டாலும் விட்டுவிடக்கூடாது. மறுபடியும் பழைய இடத்துக்குப் போய் டெஸ்டரை எரிய வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் கை.

கேட்டுவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "லைனுக்குப் பரீட்சை வை, சரி. டெஸ்டருக்குமா பரீட்சை? இப்படி நடந்துக்கிட்டே இருந்தா ஒரு பல்பு மாட்ட ஒரு வாரம் ஆகும்."

சிரித்தாலும் கற்றுக்கொண்டார். நான் கேள்வி கேட்க, அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். ஒரு வீடியோவும் எடுத்து அனுப்பினோம். ஃபோன் அவர் மேல் இருக்கிறவரை அப்படி ஒரு சாது. பூட்டு என்ன, டெஸ்டர் என்ன, பொறுமை என்ன. நான் ஃபோனைக் கீழே இறக்கினேனோ இல்லையோ, விரல் மடங்கிவிட்டது, புறங்கை பெட்டிக்குள் போய்விட்டது. அவருக்கே அது தெரியவில்லை. கேட்டால், "நான் எப்போ தொட்டேன்?" என்றார். காது குத்துகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. நாம் கண் சிமிட்டுவது நமக்குத் தெரியுமா?

அதிலிருந்து என் பயம் தலைகீழாகிவிட்டது. தேறாமல் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தவள், தேறிவிடுவாரோ என்று பயப்பட ஆரம்பித்தேன். நான் அவரை எந்த ஏணியிலிருந்து இறக்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டேனோ, அந்த ஏணி அவர் கையிலேயே இருக்கிறது. அங்கே போனாலும் அந்தக் கை கூடவே போகும், அதற்கு விசாவும் தேவையில்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம், வாசல் கதவு பக்கத்தில் இருக்கிற மெயின் சுவிட்சுக்குக் கை எட்டுகிற மாதிரி நின்றுதான் ஃபோனைப் பிடித்தேன்.

நேர்காணல் வீடியோ கால் மூலம் நடந்தது. கேள்வி கேட்பவர் ஒரு பெண், நம்முடைய மொழியே பேசினார். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. அதுவே எனக்குக் கிலியைக் கிளப்பியது. கோபப்படுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், சாந்தமானவர்களிடம் பேச்சு வராது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, வியர்த்து ஊற்ற நின்றார். மோட்டார் பற்றி அந்தப் பெண் கேட்டார், இவர் சொன்னார். ஒயர் தடிமன் பற்றிக் கேட்டார், யோசிக்காமல் சொன்னார். கடைசியாக, "ஹால்ல இருக்கற ப்ளக் பாயின்ட்டை மாத்தணும்னு வச்சுக்கங்க. எப்படி செய்வீங்கன்னு காட்டுங்க சார்" என்றார்.

காட்டினார். நடையில் இருக்கிற சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஹால் சுவிட்சை ஆஃப் செய்து, பூட்டைப் போட்டார். சமையலறையில் டெஸ்டரை எரிய வைத்துக் காட்டினார். ஹாலில் வைத்தார், எரியவில்லை. மறுபடி சமையலறை. பிறகு ப்ளக்கைக் கழற்றி மாட்டினார். பூட்டை எடுத்துவிட்டு லைனைப் போட்டார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் பின்னாலேயே ஃபோனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, கடைசியில் என் இடத்துக்கு, வாசல் பக்கம், வந்து நின்றுகொண்டேன்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க சார். மூடியை மாட்டிடுங்க, போதும்" என்றார் அந்தப் பெண்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சிரித்துக்கொண்டே மூடியை எடுத்தார். பெட்டிக்குள் ஒரு ஒயர் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது போல. அதைத் தள்ளிவிட்டால்தான் மூடி உட்காரும். டெஸ்டர் சட்டைப் பையில் இருந்தது. ஃபோன் திரையில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இடது கை மூடியோடு முதுகுப் பக்கம் போனது, வலது கை விரல் மடங்கியது.

நான் மெயினைக் கீழே இழுத்துவிட்டேன்.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. வைஃபையும் நின்றது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் வாய் திறந்தபடி அப்படியே உறைந்து, பிறகு காணாமல் போனது.

அவர் திரும்பினார். "என்ன பண்ணே?"

என் கை இன்னும் மெயின் மேலேயே இருந்தது.

"நல்லா செஞ்சீங்கன்னு அந்தம்மா வாயாலயே சொல்லிட்டாங்க. போகணும் போகணும்னு என் உசுரை வாங்குனது நீதான். நீயே கெடுத்துட்டியே."

"கெடட்டும். உங்க கை உள்ள போச்சுங்க" என்றேன். அவர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் மடங்கியபடியே இருந்தது.

ஃபோன் அடித்தது. அந்தப் பெண்தான், சாதாரண காலில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"கட் ஆயிடுச்சே சார், என்னாச்சு?"

கரண்ட் போய்விட்டது என்று சொன்னால் முடிந்தது. பொய்கூட இல்லை, பாதி உண்மைதான். சொல்லிவிடுவார், சான்றிதழ் வந்துவிடும், அந்தக் கையும் கூடவே போய்விடும் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் ஈயாடியிருக்காது.

"என் வீட்டம்மா மெயினை ஆஃப் பண்ணிட்டாங்க மேடம்."

"ஏன்?"

"லைன் இருக்கற ஒயரை நான் கையால தள்ளப் போனேன்."

"டெஸ்டர் உங்ககிட்டதானே சார் இருந்துச்சு?" என்றார்.

"அதை நான் நம்புறதில்ல மேடம். உங்களுக்காகத்தான் வச்சுக் காட்டுனேன்."

"ஏன் நம்பறதில்ல?"

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்குச் சொல்லாததை, முகம் தெரியாத அந்தக் குரலிடம் சொன்னார். "என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். அன்னைக்கு அவன் சும்மா கை வைக்கல. டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் வச்சான். எரியல. லைன் இல்லடான்னு என்கிட்ட சொல்லிட்டு வச்சான். அது என் டெஸ்டர். நான்தான் பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ள பல்பு செத்துப் போயிருக்கு, எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் நான் டெஸ்டரைத் தொடுறதில்ல."

நெட்டையன் தட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவன் பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து போய்விடுவார். கல் நெஞ்சு என்று நான் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்தப் பெண் அவசரப்படாமல் கேட்டார். "சார், அன்னைக்கு அந்த டெஸ்டரை முதல்ல வேற லைன்ல வச்சு எரியுதான்னு பார்த்தீங்களா?"

இவர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துப் பார்த்தார்.

"இப்போ எனக்குச் செஞ்சு காட்டுனீங்களே. சமையலறையில."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டெஸ்டருக்கா பரீட்சை என்று சிரித்த மனுஷன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மற்ற பகுதிகளை எல்லாம் தேறியதாக எழுதிவிட்டேன், இந்த ஒன்றை மட்டும் எழுத முடியாது, பயிற்சி எடுத்துக்கொண்டு திரும்ப வாருங்கள் என்று அந்தப் பெண் சொன்னார். கண்டிப்பாகத்தான் சொன்னார். நான்தான் நன்றி சொன்னேன். அண்ணனிடம் சொன்னபோது, கம்பெனியில் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றான். திட்டினான். வாங்கிக்கொண்டேன்.

மெயினைப் போடலாம் என்று நான் கையைத் தூக்கினேன். "இரு" என்றார். எழுந்து வாசல் கதவைத் திறந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். "உங்க ப்ளக்ல இதை ஒரு தடவை வச்சுப் பார்த்துக்கிறேன்மா." வைத்து எரிய வைத்துவிட்டு வந்து, செத்துக் கிடக்கிற எங்கள் பெட்டியில் ஒவ்வொரு ஒயராக வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மறுபடியும் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மா என்னிடம் வந்து காதோடு, "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். செருப்பைப் போடவில்லை. உள்ளேயும் வரவில்லை.

"என்னங்க?"

"இன்னைக்கு அந்த ஷோரூம்ல மிச்ச வேலை. மேனேஜர் ஆஃப் பண்ண விடமாட்டான்."

"விடலைன்னா ஏறாதீங்க."

"வேற ஆளைக் கூப்பிட்டுக்குவான்."

"கூப்பிடட்டும்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்டே இராத ஒன்றைச் சொன்னார்.

"பயமா இருக்கு."

சட்டென்று உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடலாம் போல இருந்தது. இன்று சாத்தினால் நாளைக்கு? நாளைக்கும் அந்தப் பெட்டி அங்கேதான் இருக்கும், இவர் எலக்ட்ரீஷியனாகத்தான் இருப்பார். டெஸ்டர் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"போங்க. பயந்துக்கிட்டே போங்க" என்றேன்.